தோண்டிப் பார்க்கும் கைகள்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இன்று ஒரு விதையை மண்ணில் போட்டால், நாளைக் காலை முதல் வேலையாக அதைத் தோண்டிப் பார்க்கும். தோளில் இருந்து பையைக்கூட இறக்கியிருக்காது. "தோண்டாதே, செத்துப்போயிரும்" என்று அதட்டிவிட்டு நகர்ந்துவிடும் பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ராமநாதபுரம் சீமையில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்த காலமெல்லாம், வருஷா வருஷம் வகுப்பறைக்குள் பயறு முளைக்கவைத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்தக் கையைத் தடுக்கக் கூடாது. மண்ணுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தப் பிள்ளை தோண்டுகிறது. நாம் சொல்லிக்கொடுக்க நினைப்பதும் அதையேதான்.

என் வகுப்பில் அதற்கென்றே தனியாக ஒரு டப்பா வைத்துவிடுவேன். வளர்ப்பதற்குக் கொட்டாங்குச்சிகள்; தோண்டுவதற்குத் தட்டையான ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதில் மணலும் செம்மண்ணும் கலந்து, ஊறவைத்த பச்சைப்பயறை நெருக்கமாகத் தூவி, பயறு மறையும் அளவுக்கு மேலே மண் போடுவோம். தினமும் காலையில் ஒரு பிள்ளைக்கு முறை. அந்தப் பிள்ளை ஒரே ஒரு பயறை எடுத்து, தண்ணீரில் அலசி, எல்லாருக்கும் காட்டி, பழைய நோட்டுத் தாள்களுக்கு நடுவே வைத்து ஈரம் போக்கி, பிறகு சார்ட்டில் டேப் போட்டு ஒட்டி, கீழே தேதி எழுத வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் பூஞ்சை பிடித்துவிடும். ஒரு வாரம் போனால் சார்ட்டில் ஒரு வரிசை சேர்ந்திருக்கும். உப்பிய பயறு, தோல் கிழிந்த பயறு, வெள்ளை முனை நீட்டியது, வேர் நீண்டது, கழுத்தை மடக்கி மண்ணை முட்டிக்கொண்டு வந்தது, தோலை உதறியது, கடைசியில் எதிரெதிராக இரண்டு இலை விரித்தது. கழுத்தை மடக்கி வருவது ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள். நுனியை நீட்டிக்கொண்டு வந்தால் மண் உரசி இலை கிழிந்துபோகும். அதனால் குனிந்து, முதுகால் மண்ணைத் தள்ளிக்கொண்டு வருகிறது. வெளிச்சம் பட்டதும் நிமிர்ந்துவிடும். புத்தகத்துப் படத்தில் இருக்கும் இதே விஷயம், தன் கையால் எடுத்து ஒட்டிய பயறில் இருக்கும்போது பிள்ளைக்கு மறப்பதே இல்லை.

விதைப்பதற்கு முன்னால் விதையைத் திறந்து பார்ப்பது இன்னொரு வேலை. நிலக்கடலைதான் அதற்குத் தோது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கடலை உடைத்தே வளர்ந்தவர்கள். பருப்பை இரண்டாகப் பிளந்தால் கூரான முனையில் சின்னதாக ஒரு மூக்கு ஒரு பாதியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். வறுத்த கடலை தின்னும்போது கசக்கிறது என்று அதைக் கிள்ளி எறிகிறவர்களும் உண்டு. பச்சைக் கடலையை ராத்திரி ஊறவைத்து, காலையில் பிளந்து, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து அந்த மூக்கைப் பார்க்கச் சொல்வேன். வேராகப் போகும் தடித்த முனை ஒரு பக்கம். மறுபக்கம், மடித்து வைத்த குட்டி இலைகள். நரம்போடு, மடிப்போடு, நிஜமான இலைகள். "டீச்சர், இது ஏற்கனவே செடியாத்தான் இருக்கு!" என்று ஒரு பிள்ளை கத்தும். இருக்கிறதுதான். மற்ற இரண்டு பருப்பும் அது வழிக்குக் கட்டிக்கொண்டு வந்த கட்டுச்சோறு. வேர் ஊன்றி, இலை விரித்து, சொந்தமாகச் சம்பாதிக்கும் வரைக்கும் அதைத்தான் தின்றாக வேண்டும்.

இது புரிந்த பிறகு வீட்டு அடுப்படியே பாடசாலையாகிவிடும். ஆளுக்கு ஒரு தானியத்தை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வேன். நெல், இட்லி அரிசி, துவரம்பருப்பு, தோலோடு கறுப்பு உளுந்து, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, கேழ்வரகு என்று காகிதப் பொட்டலங்கள் வந்து சேரும். எது முளைக்கும், எது முளைக்காது என்று ஊறப்போடுவதற்கு முன்பே கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். அழிக்கக் கூடாது. நெல் முளைக்கும்; அவித்துக் குத்திய இட்லி அரிசி முளைக்காது. வறுத்த பொட்டுக்கடலைக்கு உயிர் இல்லை. உடைத்த துவரம்பருப்பில் அந்த மூக்கு போய்விட்டது. இதில் ஒன்றைக்கூட நான் வாய்திறந்து சொல்வதில்லை. இரண்டு நாள் கழித்து பொட்டலங்களைப் பிரித்து வைத்தால் போதும், அவர்களே அவித்தது, வறுத்தது, உடைத்தது என்று பிரித்துவிடுவார்கள்.

இந்த வரிசையில் என் மனசுக்குப் பிடித்தது ஊறாத பயறு. கைப்பிடி பச்சைப்பயறை ஊறவைத்தால் ஒன்றிரண்டு மட்டும் கல்லாகவே கிடக்கும். சுண்டலில் பல்லை உடைப்பது இதுதான். கெட்டுப்போன பயறு என்று எறிந்துவிடுவோம். அதற்கு உயிர் இருக்கிறது. தோல் தண்ணீரை உள்ளே விடுவதில்லை, அவ்வளவுதான். காயோடு ஒட்டியிருந்த கண் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, மறுபக்கத்தைச் சிமெண்டுத் தரையில் நாலு இழுப்பு இழுத்துத் தோலை மட்டும் தேய்த்து, மறுபடியும் தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் மறுநாள் உப்பிவிடும். ஒரு வருஷம் வெயிலும் மழையும் மண்ணும் செய்கிற வேலையை ஒரு பிள்ளையின் கை ஒரு நிமிஷத்தில் செய்துவிடுகிறது. எல்லா விதையும் ஒரே மழைக்கு முளைத்து, அடுத்து வெயில் காய்ந்தால் எல்லாம் ஒன்றாகச் செத்துப்போகும். இப்படிச் சிலது பின்தங்கி நிற்பதால்தான் அந்தச் செடியின் வம்சம் தப்புகிறது. வகுப்பில் கடைசியாகப் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளிடம் எனக்கு எப்போதும் கூடுதல் பிரியம் இருந்ததால், இந்தப் பயறை நான் ஒருபோதும் குப்பையில் போட்டதில்லை.

கண்ணாடி பாட்டில் கிடைத்தால் தோண்டும் வேலையே பாதி குறைந்துவிடும். வாய் அகன்ற பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். உள்சுவரை ஒட்டிச் செய்தித்தாளை மூன்று நான்கு மடிப்பாகச் சுருட்டி வைத்து, நடுவில் மணல் நிரப்பி, மணல் நனையத் தண்ணீர் விட வேண்டும். ஊறிய மொச்சையைக் கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் இடையில் செருக வேண்டும். மொச்சை பெரிசு, பின்பெஞ்சில் இருப்பவருக்கும் தெரியும். செருகும்போது ஒன்றின் கண் மேலே பார்க்கட்டும், ஒன்று கீழே, ஒன்று பக்கவாட்டில். வேர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டால் கண் இருக்கும் பக்கம்தான் போகும் என்று பிள்ளைகள் உறுதியாகச் சொல்வார்கள். வேர் கண்ணுக்குப் பக்கத்தில்தான் கிளம்பும். கிளம்பியதும் வளைந்து கீழே திரும்பிவிடும். தலைகீழாக வைத்த மொச்சையின் வேர் அரை வட்டம் போட்டுக் கீழே வருவதைப் பார்த்த பிறகு, பாட்டிலையே படுக்கப் போட்டுவிடுவோம். மறுநாள் ஒவ்வொரு வேரின் நுனியும் புதுசாக ஒரு முறை வளைந்திருக்கும். வளைவது நுனியை ஒட்டிய இடம் மட்டும்தான். ஏற்கனவே வளர்ந்து முடிந்த பகுதி அப்படியே கிடக்கும். ஸ்கெட்ச் பேனாவால் கண்ணாடி மேல் தினமும் வேர்நுனிக்குப் புள்ளி வைத்து வந்தால் இது தெளிவாகத் தெரியும்.

தண்ணீரைத் தேடித்தான் வேர் கீழே போகிறது என்று ஐந்தாம் வகுப்பில் ஒருவர் சொல்வார். நியாயமான யோசனை. இங்கிலாந்தில் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்பவர் இதைச் சோதித்துப் பார்த்து 1806இல் வெளியிட்ட கதையை அப்போதுதான் சொல்வேன். ஓடைத் தண்ணீரில் சுற்றும் சக்கரத்தில் அவரை விதைகளைக் கட்டி, விடாமல் சுழலவிட்டார். எல்லாப் பக்கமும் ஈரம்தான். வேரெல்லாம் சக்கரத்தின் வெளிப்பக்கம் நோக்கிப் போயின. தண்டெல்லாம் நடுவை நோக்கி வந்தன. சுற்றும்போது வெளியே தள்ளும் விசையையே விதை பூமியின் இழுப்பாக எடுத்துக்கொண்டது. "அப்ப நம்ம ஃபேன்ல கட்டிருவமா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். ஃபேன் காற்றில் விதை காய்ந்துபோகும் என்று அவனுக்குப் பக்கத்தில் இருந்த பெண் பதில் சொன்னாள். ஈரத் துணியில் சுற்றிக் கட்டலாம் என்றான் அவன். இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு சோதனையில் இவ்வளவு சுலபமாக நுழைந்துவிட்டார்களே என்று அன்றைக்கு எனக்கு உண்டான சந்தோஷத்தை எந்தப் பயிற்சி வகுப்பும் தந்ததில்லை.

வீட்டுக்குள் பயறு முளைக்கவைப்பதில் எங்கள் ஊர்ப் பெண்கள் கைதேர்ந்தவர்கள் என்பது பிள்ளைகள் மூலம்தான் வகுப்புக்குள் வந்தது. மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு முளைப்பாரி போட்டிருந்த நேரம். ஜன்னல் ஓரத்து எங்கள் பயறைப் பார்த்துவிட்டு ஒரு பெண் சொன்னாள்: "எங்க அப்பத்தா போட்டது இதவிட ஒசரம் டீச்சர். ஆனா மஞ்சக் கலரு." அவளுடைய அப்பத்தாவை ஒருநாள் பள்ளிக்கு வரச் சொன்னேன். ஓட்டில் வைக்கோலும் காய்ந்த சாணத்தூளும் பரப்பி, ஊறவைத்த பயறு வகைகளைத் தூவி, கதவைச் சாத்தி இருட்டு வீட்டுக்குள் வைத்து, வேளை தவறாமல் தண்ணீர் தெளிப்பதையும், ராத்திரியில் சுற்றி நின்று கும்மி கொட்டுவதையும் பிள்ளைகளுக்கு விரிவாகச் சொன்னார்.

"ஏன் அப்பத்தா இருட்டுல வைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"வெளிச்சம் பட்டா பச்சையாப் போயிரும் டீச்சரம்மா. ஒசரமும் வராது. குட்டக் குட்டயா நின்னுக்கிரும். ஆத்தாளுக்குப் போட்டது நெட்டயா, மஞ்சளா, ஒண்ணுபோல நிக்கணும்ல."

விஞ்ஞானப் புத்தகம் சொல்வதும் இதுதான். வெளிச்சம் கிடைக்காத முளை, பருப்பில் இருக்கிற உணவை எல்லாம் தண்டை நீட்டுவதிலேயே செலவிடுகிறது, எப்படியாவது வெளிச்சத்தை எட்டிவிட வேண்டும் என்று. பச்சையம் உருவாவதற்கு இந்தச் செடிகளுக்கு வெளிச்சம் வேண்டும். அது இல்லாததால் மஞ்சளாக நிற்கிறது. அப்பத்தா போன பிறகு நாங்கள் இரண்டு கொட்டாங்குச்சியில் ஒரே நாள் பயறு போட்டோம். ஒன்று ஜன்னலில், ஒன்று கவிழ்த்த வாளிக்கு அடியில். தினமும் தண்ணீர் விடும் நேரம் தவிர வாளியைத் தூக்கக் கூடாது என்று பிள்ளைகளே காவல் போட்டுக்கொண்டார்கள். சில நாளில் வாளிக்குள் இருந்தது மற்றதைப்போல் இரண்டு பங்கு உயரம், மஞ்சள் நிறம், விரியாத இலை. அதைத் தூக்கி ஜன்னலில் வைத்தபோது இலை பச்சை பிடிக்க ஆரம்பித்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றவர்களை நான்தான் விரட்டி அனுப்ப வேண்டியிருந்தது.

முளைக்காத விதைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேலதிகாரி பார்வைக்கு வருகிறார் என்றால், முளைக்காத கப்புகளை எடுத்து மறைத்துவிட்டு, பச்சையாக நிற்பதை மட்டும் மேசையில் அடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். தன் கப்பு மட்டும் ஒளிக்கப்பட்ட பிள்ளை, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். முளைக்காத கப்பைத்தான் முதலில் கொட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே விதை உலர்ந்து கிடந்தால் தண்ணீர் போதவில்லை. குழகுழவென்று நாற்றம் அடித்தால் தண்ணீர் அதிகமாகி, காற்றுக்கு இடமில்லாமல் அழுகியிருக்கிறது. விதையே காணோம் என்றால் எறும்பு. கேழ்வரகை எறும்பு விட்டுவைக்காது. தட்டில் தண்ணீர் விட்டு நடுவில் கப்பை வைக்க வேண்டும். ரொம்ப ஆழத்தில் போட்ட சின்ன விதை, மேலே வருவதற்குள் கையிருப்புத் தீர்ந்து பாதி வழியில் நின்றிருக்கும். விதையின் பருமனைப்போல் இரண்டு மடங்கு ஆழம் போதும். முளைத்த கப்பு நன்றாக நடந்தது என்று மட்டும் சொல்லும். முளைக்காத கப்புதான் காரணத்தைத் தேடவைக்கும்.

கண்டிப்பாகப் பயப்பட வேண்டிய விஷயங்களும் உண்டு. இவற்றில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை. சின்னப் பிள்ளைகள் கடலையை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். மூக்கு ஈரத்தில் அது ஊறி உப்பும். நேரம் ஆக ஆக எடுப்பது கஷ்டம். வீட்டில் குச்சி விட்டுக் கிண்டாமல் நேரே டாக்டரிடம் போக வேண்டும். அங்கன்வாடி வயதுப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் விதை எப்போதும் பெரியவர் மடியில்தான் இருக்க வேண்டும். விதைக்கடையில் சாயம் ஏறிய விதை கொடுத்தால் அது பூஞ்சைக்கு மருந்து தடவியது. பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. மளிகைக்கடைப் பயறே போதும். ஆமணக்கு முளைப்பது பார்க்க அவ்வளவு அழகு. குன்றிமணியைப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் கேட்கும். இரண்டும் விஷம். வகுப்பில் இடமில்லை.

முளைகட்டிய பயறைப் பச்சையாகத் தின்னக் கொடுப்பதையும் நான் நிறுத்திவிட்டேன். விதைமேல் இருக்கும் கிருமிக்கும் அதே ஈரமும் அதே வெதுவெதுப்பும்தான் வேண்டும். ஜப்பானில் சகாய் நகரத்தில் 1996இல் பள்ளிச் சாப்பாட்டில் பரவிய ஈ-கோலி நோயில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படுத்தார்கள். முள்ளங்கி முளைமேல்தான் சந்தேகம் விழுந்தது. 2011இல் ஜெர்மனியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன நோய்க்கு வெந்தய முளை காரணம் என்று கண்டறிந்தார்கள். நம் வீடுகளில் செய்வதுபோல் நன்றாக வேகவைத்துத் தாளித்துக் கொடுத்தால் ஒரு பயமும் இல்லை. சித்திரை வைகாசி வெக்கையில் துணியில் கட்டிய பயறை ஒரு வேளை அலசாமல் விட்டாலும் வாடை வந்துவிடும். வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

எந்த விதையில் தொடங்குவது என்று பெற்றோர் கேட்பதுண்டு. முதலில் பச்சைப்பயறும் வெந்தயமும். நாலு நாளுக்குள் ஏதாவது கண்ணில் படாவிட்டால் ஆறு வயதுப் பிள்ளைக்கு நம்பிக்கை போய்விடும். மொச்சையையும் கொண்டைக்கடலையையும் அடுத்தடுத்துப் போட்டால், மொச்சை தன் பருப்பை மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு வரும், கொண்டைக்கடலை பருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வரும். அதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். கொத்தமல்லி பிறகுதான். உருண்டையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட்டாலும் வாரத்துக்கு மேல் ஆகும். ஜூனில் பள்ளி திறக்கும்போது மாங்கொட்டை. அதைக் காயவைத்துச் சேர்த்துவைக்க நினைக்கக் கூடாது. நெல்லும் பயறும் காய்ந்தால்தான் தங்கும், மாங்கொட்டையும் பலாக்கொட்டையும் காய்ந்தால் செத்துவிடும். மேல் ஓட்டைப் பெரியவர் பிளந்து கொடுத்து, உள்பருப்பை வளைந்த முதுகு மேலே இருக்கும்படி ஊன்றினால் ஒன்றிரண்டு வாரத்தில் செம்பு நிறத்தில் கொழுந்து வரும். சில ரகங்களில் ஒரே கொட்டையில் இரண்டு மூன்று கொழுந்துகூட வரும்.

பஞ்சில் முளைத்த பயறு இரண்டு இலைக்குப் பிறகு நின்றுபோகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கையிருப்பு தீர்ந்துவிட்டது, பஞ்சில் சத்து இல்லை, மண்ணுக்கு மாற்ற வேண்டும். சொல்லாமல் விட்டால் ஒரு காலையில் வாடிக் கிடப்பதைப் பார்த்து அழுவார்கள். நாங்கள் கைகழுவும் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் நட்டு, ஆட்டுக்குப் பயந்து கருவேல முள் வைத்துவிடுவோம்.

வீட்டுக்குள் வளர்க்க முடியாத ஒன்றும் எங்கள் பாடத்தில் சேர்ந்துவிட்டது. பனங்கொட்டை. எங்கள் பக்கத்தில் கொட்டைகளை மண்மேட்டில் அடுக்கிப் புதைத்தால், முளை நேரே கீழே இறங்கிக் கிழங்காகும். பாட்டிலில் மொச்சை பார்த்த பிள்ளைகளுக்கு இது பெரிய குழப்பம். கீழே போவதெல்லாம் வேர் என்றால் கிழங்கு வேரா? அவித்த கிழங்கைக் கொண்டுவந்து நடுவே பிளந்து பார்த்தார்கள். உள்ளே வெளுப்பாகப் பீலி. "இது எலைதான் டீச்சர், மடிச்சு வச்சிருக்கு" என்று நிலக்கடலை பார்த்த ஒரு பிள்ளை சொன்னாள். சரியான பதில். பனை தன் கருவையே குழாய்போன்ற முளைக்குள் வைத்துக் கீழே இறக்கிவிட்டு, அங்கிருந்து இலையை மேலே அனுப்புகிறது. அடுத்து கொட்டையை வெட்டினோம். பிள்ளைகள் போட்டி போட்டுத் தின்னும் தவுன், கொட்டைக்குள் இருக்கும் கெட்டிப் பருப்பைக் கரைத்து உறிஞ்சிக் கிழங்குக்கு அனுப்பும் உறுப்பு. கிழங்கைத் தை மாதத்துக்குள் தோண்டாமல் விட்டால் ஏன் நார் ஏறிச் சப்பென்று ஆகிறது என்று கேட்டேன். வீட்டில் கிழங்கு போடுகிறவர்களின் மகன் ஒருவன் எழுந்து, "பீலி வெளிய வந்து ஓலையாயிரும் டீச்சர். இருக்கிறதெல்லாம் அதுக்குப் போயிரும்ல" என்றான். எப்படித் தெரியும் என்றேன். போன வருஷம் மேட்டில் விட்டுப்போன கிழங்குகளை, ஓலை வந்த பிறகு தானே தோண்டிப் பிளந்து பார்த்ததாகச் சொன்னான்.